வ. வே. சு. ஐயர்

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் (ஏப்ரல் 2, 1881 – ஜூன் 1925), சுருக்கமாக வ. வே. சு. ஐயர், இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் தமிழ் எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஆவார். தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் போற்றப்படுகிறார். அரசியல் வாழ்வின் முதற்பகுதியில் இவர் ஆயுதப் புரட்சியில் நம்பிக்கை வைத்திருந்தார். இலண்டனில் கைத்துப்பாக்கியைக் கையாளப் பயின்றார். புதுச்சேரியில் அப்பயிற்சியைப் பிறருக்கு அளித்தார். இவரிடம் பயின்ற வாஞ்சிநாதன் 1911-இல் மணியாச்சி தொடருந்துச் சந்திப்பில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்றார். பின்னாளில் ஐயர் காந்திய வழியை ஏற்று, இதழ்ப் பணியிலும் கல்விப் பணியிலும் ஈடுபட்டார்.

இளமையும் கல்வியும்

ஐயர் திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியான வரகனேரியில் வேங்கடேச ஐயருக்கும் காமாட்சி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். ஆங்கிலம், இலத்தீன், வடமொழி ஆகியவற்றில் இளமையிலேயே தேர்ச்சி கொண்டிருந்தார்; பின்னர் பிரெஞ்சு மொழியையும் கற்றார். அக்கால வழக்கப்படி மாணவப் பருவத்திலேயே பாக்கியலட்சுமி என்பவருடன் திருமணம் நடைபெற்றது.

சென்னையில் வழக்கறிஞர் தேர்வில் வெற்றி பெற்றுச் சிலகாலம் திருச்சியில் தொழில் நடத்தினார். 1906-இல் பர்மாவின் தலைநகரான இரங்கூனுக்குச் சென்று ஓர் ஆங்கில வழக்கறிஞரிடம் உதவியாளராகப் பணிபுரிந்தார். பாரிஸ்டர் பட்டம் பெறும் நோக்கத்துடன் 1907-இல் இலண்டன் சென்று லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். அதுவரை இவருக்கு ஆயுதங்களுடன் எவ்விதத் தொடர்பும் இருந்ததில்லை. அன்றைய இந்தியாவில் பெரும்பாலான குடிமக்களின் நிலை அதுவே. அதற்குச் சட்டமே காரணமாக இருந்தது.

இந்தியாவில் ஆயுதத் தடை

ஐயரின் வாழ்வோடு பின்னர் இணைந்துவிட்ட திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பகுதியில் ஆயுதத் தடைக்கு நீண்ட வரலாறு உண்டு. பாளையக்காரர் காலத்தில் இப்பகுதியின் வீரர்கள் வேல், வாள், வல்லயம் ஆகியவற்றுடன் திரியிட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகளையும் வைத்திருந்தனர். 1799-இல் மேஜர் பானர்மேன் தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சியுடன் ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்களும் பறிமுதல் செய்யப்பட்டன. அதனைத் தொடர்ந்து கோட்டைகளை இடிக்கவும், துப்பாக்கி முதலிய ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணை பிறந்தது. மீறுவோருக்குக் கடுந்தண்டனை அறிவிக்கப்பட்டது.

1801-இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் கட்டிப் போரிட்டார். அப்போரும் தோல்வியில் முடிந்தபின் ஆயுதத் தடை மேலும் இறுக்கப்பட்டது. குளத்தூர், விளாத்திகுளம், ஒட்டப்பிடாரம், கோவில்பட்டி எனப் பரந்து கிடக்கும் கரிசல் பூமி பருத்தி விளையும் நிலமாகத் தொடர்ந்தது. படை திரட்டும் நிலமாக இருப்பது அத்துடன் நின்றது.

1857-ஆம் ஆண்டுப் பேரெழுச்சிக்குப் பின்னர் இந்நிலை இந்தியா முழுவதற்கும் விரிவடைந்தது. வைசிராய் லிட்டன் காலத்தில் 1878-இல் இந்திய ஆயுதச் சட்டம் நிறைவேறியது. இதன்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல், எடுத்துச் செல்லுதல், வெளிநாட்டிலிருந்து இறக்குதல் ஆகியன குற்றமாயின. ஐரோப்பியர் முதலிய சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. தன் நாட்டில் தான் நம்பத்தகாதவனாக நடத்தப்படுகிறான் என்ற எண்ணத்தை இவ்வேறுபாடு படித்த இந்தியரிடையே ஏற்படுத்தியது. 1887-இல் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரசு இச்சட்டத்தைத் தளர்த்த வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. மிதவாதிகளும் ஏற்றுக்கொண்ட கோரிக்கைகளுள் இதுவும் ஒன்றாகும்.

இலண்டன் வாழ்க்கை

இலண்டனின் ஹைகேட் பகுதியில் சியாம்ஜி கிருஷ்ண வர்மா 1905-இல் இந்திய மாணவர்களுக்காக நிறுவிய தங்கும் விடுதி இந்தியா ஹவுஸ் ஆகும். ஐயர் இங்கு விநாயக தாமோதர் சாவர்க்கரைச் சந்தித்தார். திருவரங்கத்தைச் சேர்ந்த தி. சே. சௌ. ராஜன், திருமலாச்சாரி என்ற ம. பி. தி. ஆச்சாரியா ஆகிய தமிழர்களும் இவ்வட்டத்தில் இருந்தனர். 1857-ஆம் ஆண்டுப் போரைப் பற்றிச் சாவர்க்கர் மராத்தியில் எழுதிய நூலின் ஆங்கில ஆக்கத்தில் ஐயருக்குப் பங்கு உண்டு. பாரதியார் பொறுப்பில் வெளிவந்த இந்தியா இதழுக்கு இலண்டனிலிருந்து கடிதங்களும் எழுதினார்.

வழக்கறிஞர் தொழிலில் முன்னேற வந்தவர் இரண்டு ஆண்டுகளுக்குள் புரட்சியாளராக மாறினார். உடற்பயிற்சி, நீச்சல் ஆகியவற்றுடன் குறி பார்த்துச் சுடுதலும் இவருடைய அன்றாடப் பயிற்சிகளுள் ஒன்றாயிற்று. பாரிஸ்டர் தேர்வுகளில் தேறியபோதும், பிரித்தானியப் பேரரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்ததால் பட்டத்தைப் பெறவில்லை என இவருடைய வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

துப்பாக்கி வாங்குதலும் பயிற்சியும்

இந்தியாவில் கிடைப்பதற்கு அரிதாக இருந்த கைத்துப்பாக்கி இலண்டனில் கடைப் பொருளாக இருந்தது. 1903-ஆம் ஆண்டின் பிரித்தானியக் கைத்துப்பாக்கிச் சட்டம், குழல் நீளம் 9 அங்குலத்திற்குக் குறைந்த துப்பாக்கிகளின் விற்பனையை ஓரளவு ஒழுங்குபடுத்தியது. எனினும் அஞ்சலகத்தில் 10 சில்லிங் கட்டி உரிமச் சீட்டுப் பெற்ற எவரும் ஒன்றை வாங்க முடிந்தது. வாங்குபவர் இந்தியரா ஆங்கிலேயரா என்று சட்டம் பார்க்கவில்லை. இந்தத் தளர்வு 1920-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் வரும்வரை நீடித்தது. ஆக, திருநெல்வேலியில் குற்றமாக இருந்த ஒரு செயல், அதே பேரரசின் தலைநகரில் சட்டப்படி நடந்தேறியது.

இந்தியா ஹவுஸ் வட்டத்தைச் சேர்ந்த மதன்லால் திங்ராவின் வழக்கு இதற்குச் சான்றாகும். அவர் 1909 ஜனவரியில் ஹோல்போர்ன் பகுதியில் இருந்த கேமேஜ் என்ற பெரிய அங்காடியில் ஒரு கோல்ட் தானியங்கிக் கைத்துப்பாக்கியை 3 பவுண்டு 5 சில்லிங் விலைக்கு வாங்கினார். பின்னர் டாட்டன்ஹாம் கோர்ட் சாலை, 92-ஆம் எண் கட்டிடத்தில் இருந்த சுடுகளத்தில் சில மாதங்கள் பயிற்சி செய்தார். அது பொழுதுபோக்குக்காகப் பலரும் வந்து செல்லும் பொது இடம். ஐயரும் இலண்டனில் இவ்வாறான பயிற்சியை மேற்கொண்டவர்களுள் ஒருவர். 1909 ஜூலை 1 அன்று இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியின் முடிவில் திங்ரா, கர்சன் வைலி என்னும் உயர் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார். தடுக்க வந்த பார்சி மருத்துவர் காவாஸ்ஜி லால்காகாவும் உயிரிழந்தார். திங்ரா அவ்வாண்டு ஆகஸ்ட் 17 அன்று தூக்கிலிடப்பட்டார்.

புரட்சியாளர்கள் எந்தத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தனர் என்பது அக்காலத் தொழில்நுட்ப மாற்றத்தோடு தொடர்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியே. அதன் நடுவில் தோட்டாக்களைத் தாங்கும் உருளை புடைத்து நிற்கும். சட்டைக்குள் மறைத்தாலும் வெளியே தெரியும். அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் பிரௌனிங் வடிவமைத்த தானியங்கிக் கைத்துப்பாக்கி இக்குறையைப் போக்கியது. பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகில் ஹெர்ஸ்டால் என்னும் ஊரில் உள்ள எஃப். என். தொழிற்சாலை 1900-ஆம் ஆண்டு முதல் இவ்வகையைத் தயாரித்தது. முதல் மாதிரி 7.65 மி.மீ. விட்டமுள்ள தோட்டாவைச் சுடுவது. கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டில் 7 தோட்டாக்கள் அடங்கும். ஒவ்வொரு முறை சுட்டதும் வெற்று உறை தானாக வெளியேறி, அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். தட்டையான வடிவம், குறைந்த எடை, ஒரு கூட்டை உருவி மற்றொன்றைச் செருகும் வேகம் ஆகியவை இதன் சிறப்புகள். பெருமளவில் உற்பத்தியானதால் விலையும் எட்டும் அளவில் இருந்தது.

இதற்குச் சில இடர்ப்பாடுகளும் உண்டு. சுழல் துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மீண்டும் இழுத்தால் போதும். தானியங்கியில் தோட்டா சிக்கிக்கொண்டால் மேல்தகட்டைப் பின்னிழுத்து அதனை அகற்ற வேண்டும். பாதுகாப்பு விசையை எப்போது விலக்குவது என்பதையும் பழகியிருக்க வேண்டும். உரிய அளவுள்ள தோட்டாக்கள் இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே துப்பாக்கியை மட்டும் கொடுத்தால் போதாது, அதைக் கையாளக் கற்றுத் தரும் ஒருவரும் தேவைப்பட்டார். ஐயரின் முக்கியத்துவம் இங்குதான் அமைகிறது.

1909-இன் தொடக்கத்தில் 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகள், இந்தியா ஹவுசில் சமையற்காரராக இருந்த சதுர்புஜ் அமீன் வழியாக, இரகசிய அடித்தட்டு அமைந்த ஒரு பெட்டியில் பம்பாய்க்கு அனுப்பப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் மாவட்ட ஆட்சியர் ஜாக்சனை அனந்த் கன்ஹேரே சுட்டுக் கொன்றபோது பயன்பட்டது இவற்றுள் ஒன்று என விசாரணையில் தெரிந்தது. இதன் விளைவாகச் சாவர்க்கர் 1910 மார்ச் 13 அன்று இலண்டனில் கைது செய்யப்பட்டார். பிரௌனிங் துப்பாக்கி உலக அரசியலிலும் இடம்பெற்றது. 1914-இல் சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைக் கொல்லப் பயன்பட்டதும் ஹெர்ஸ்டாலில் செய்யப்பட்ட பிரௌனிங் வகையே ஆகும்.

காந்தியுடன் முதல் சந்திப்பு

1909 அக்டோபர் 24 அன்று இலண்டன் வாழ் இந்தியர்கள் விஜயதசமி விருந்து ஒன்றை நடத்தினர். தென்னாப்பிரிக்க இந்தியர்களின் உரிமைக்காக இலண்டன் வந்திருந்த மோகன்தாஸ் காந்தி அதற்குத் தலைமை ஏற்றார், சாவர்க்கரும் பேசினார். விருந்து ஏற்பாடுகளில் ஐயரும் ராஜனும் பங்கேற்றனர். விருந்தின் தலைவர் இன்னார் என அறியப்படாமலேயே முன்கூட்டி வந்து, சமையற்கூடத்தில் பாத்திரம் கழுவுவதில் உதவியதாக ராஜன் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார்.

அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலில் காந்தி இந்திய சுயராச்சியம் என்னும் நூலை எழுதினார். படுகொலைகளால் நாடு விடுதலை அடையாது என்பதும், அவ்வாறு கிடைக்கும் ஆட்சி கொலையாளிகளின் ஆட்சியாகவே இருக்கும் என்பதும் அந்நூலின் வாதங்களுள் சில. இலண்டனில் அவர் சந்தித்த புரட்சியாளர்களுக்கான மறுமொழியாக அந்நூல் கருதப்படுகிறது. ஐயர் அப்போது இக்கருத்தை ஏற்கவில்லை. ஏற்க அவருக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தேவைப்பட்டன.

தப்பிச் செல்லுதல்

சாவர்க்கரின் கைதுக்குப் பின் ஐயரையும் காவல்துறை தேடியது. இவர் மாறுவேடத்தில் பாரிசு நகரை அடைந்தார். பயணத்தின்போது ஐயம் கொண்ட ஒரு துப்பறிவாளர் இவரது பெட்டியில் இருந்த வ. வே. சு. என்னும் பொருள்படும் ஆங்கில முதலெழுத்துகளைச் சுட்டிக் கேட்டதாகவும், தன் பெயர் வீர விக்கிரம சிங் என்று கூறி இவர் தப்பியதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. பாரிசில் மேடம் பிக்காஜி காமாவின் வட்டத்தில் சிலகாலம் இருந்தார். பின்னர் பல நாடுகளைக் கடந்து, 1910-இன் இறுதியில் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட புதுச்சேரியை அடைந்தார்.

புதுச்சேரியில் பயிற்சி

புதுச்சேரியில் பிரித்தானிய இந்தியாவின் ஆயுதச் சட்டம் செல்லாது. வங்காளத்தில் பிரெஞ்சுப் பகுதியாக இருந்த சந்தன்நகரும் இதே காரணத்தால் புரட்சியாளர்களுக்குப் பயன்பட்டது. அங்கு ஆயுத வரத்தைத் தடுக்க முயன்ற நகரத் தலைவர் தார்திவேல் வீட்டின்மீது 1908 ஏப்ரலில் குண்டு வீசப்பட்டது. புதுச்சேரியில் 1908 முதல் பாரதியாரும், 1910 ஏப்ரல் முதல் அரவிந்தரும் தங்கியிருந்தனர். ஐயரின் வருகையால் அங்கிருந்த இளைஞர்களுக்கு ஆயுதம் கையாளத் தெரிந்த ஒருவர் கிடைத்தார்.

இதே காலத்தில் நீலகண்ட பிரம்மச்சாரி என்பவர் பாரத மாதா சங்கம் என்னும் இரகசிய அமைப்பைத் திருநெல்வேலி மாவட்டத்தில் உருவாக்கியிருந்தார். செங்கோட்டையில் பிறந்து, திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் பணியாற்றிய வாஞ்சிநாதன் அதன் உறுப்பினர். இவர் 1911-இன் தொடக்கத்தில் விடுப்பு எடுத்துப் புதுச்சேரிக்கு வந்தார். ஐயர் இவருக்குக் குறி பார்த்துச் சுடப் பயிற்சி அளித்தார். இப்பயிற்சி நகருக்கு வெளியே ஆள் நடமாட்டம் குறைந்த இடங்களில் நடைபெற்றது என்பர். வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. பாரிசு வட்டத்திலிருந்து, குறிப்பாக மேடம் காமாவின் உதவியால், அது வந்ததாகப் பொதுவாகக் கூறப்படுகிறது.

ஐயர் பயிற்சியைப் படைவீரனின் ஒழுக்கமாகவே கருதினார். அதிகாலையில் எழுதல், உடற்பயிற்சி, சிலம்பம், நீச்சல் ஆகியவற்றைத் தாமும் செய்து தம்மைச் சூழ்ந்த இளைஞர்களையும் செய்ய வைத்தார். நெப்போலியன், கரிபால்டி ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளைத் தமிழில் எழுதியதும் இந்த மனப்போக்கின் வெளிப்பாடே.

மணியாச்சி நிகழ்வு

இராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ் 1908-இல் தூத்துக்குடியில் துணை ஆட்சியராக இருந்தவர். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தை முடக்கியதிலும், 1908 பிப்ரவரி – மார்ச் மாதங்களில் நடந்த கோரல் ஆலை வேலைநிறுத்தத்தையும் திருநெல்வேலி எழுச்சியையும் ஒடுக்கியதிலும் இவருக்குப் பங்கு உண்டு எனப் புரட்சியாளர்கள் கருதினர். எழுச்சியின்போது 1908 மார்ச் 13 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் சிறை சென்றனர். ஆஷ் பின்னர் மாவட்ட ஆட்சியரானார்.

1911 ஜூன் 17 அன்று ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டி, தூத்துக்குடியிலிருந்து வரும் வண்டியுடன் இணைவதற்காக மணியாச்சியில் நின்றது. சுற்றிலும் பருத்திக் காடுகளாக விரிந்த கரிசல் வெளியின் நடுவே அமைந்த சந்திப்பு அது. முற்பகல் வேளையில் வாஞ்சிநாதனும், ஒட்டப்பிடாரத்தைச் சேர்ந்த மாடசாமி என்பவரும் முதல் வகுப்புப் பெட்டியை நெருங்கினர். வாஞ்சிநாதன் ஆஷின் மார்பில் சுட்டார். பின்னர் நடைமேடையில் ஓடிக் கழிப்பறைக்குள் நுழைந்து, அதே துப்பாக்கியால் தம் வாயில் சுட்டுக்கொண்டு உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 25. மாடசாமி தப்பி மறைந்தார். காவல்துறையால் அவரைப் பிடிக்க இயலவில்லை.

வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. ஐந்து நாட்களில், ஜூன் 22 அன்று, இலண்டனில் நடைபெறவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு விழாவுக்கு எதிர்ப்பாகவே இச்செயல் என்பது அதன் சாரம். அரசியல் காரணங்களுடன் சனாதன தருமத்தைக் காக்கும் நோக்கமும் அதில் கூறப்பட்டிருந்தது. இக்கடிதத்தின் இப்பகுதி பிற்கால ஆய்வாளர்களிடையே விவாதத்திற்கு உள்ளாகியுள்ளது.

வழக்கும் கண்காணிப்பும்

திருநெல்வேலிச் சதி வழக்கு என அறியப்படும் வழக்கில் 14 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட், நீதிபதிகள் அய்லிங், சங்கரன் நாயர் ஆகியோர் விசாரித்தனர். 1912 பிப்ரவரியில் வழங்கப்பட்ட தீர்ப்பில் நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த ஐயரைக் கைது செய்ய இயலவில்லை. ஆயினும் அவர் எல்லையைக் கடந்தால் கைதாவது உறுதி. புதுச்சேரியில் பிரித்தானிய உளவாளிகளின் எண்ணிக்கை பெருகியது. ஐயரின் வீட்டுக் கிணற்றில் புரட்சித் துண்டறிக்கைகள் அடங்கிய ஒரு கலம் போடப்பட்டதாகவும், பாரதியாரின் யோசனைப்படி அதனைப் பிரெஞ்சுக் காவல்துறையிடம் ஒப்படைத்ததால் அனைவரும் தப்பியதாகவும் கூறப்படுகிறது.

மணியாச்சியில் சுடப்பட்ட துப்பாக்கி எதிர்பார்த்த எழுச்சியைத் தூண்டவில்லை. கரிசல் நாட்டில் ஊர்கள் கிளர்ந்தெழவில்லை. மாறாக வீடு வீடாகச் சோதனைகள் நடந்தன, சங்கம் சிதைந்தது. தென்னிந்தியாவில் விடுதலைப் போராட்டத்தின்போது பிரித்தானிய அதிகாரி ஒருவர் அரசியல் காரணத்திற்காகக் கொல்லப்பட்ட ஒரே நிகழ்வாக இது குறிப்பிடப்படுகிறது. முதல் உலகப்போர் தொடங்கியதும் செருமானியக் கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையைத் தாக்கியது. அதன்பின் புதுச்சேரியில் இருந்த அரசியல் அகதிகள் மீதான நெருக்கடி மேலும் கூடியது. அவர்களை அல்ஜீரியாவுக்கு அனுப்பும் யோசனையும் எழுந்தது. அவர்கள் அதற்கு இணங்கவில்லை.

இலக்கியப் பணி

வெளியே செல்ல முடியாத இவ்வாண்டுகளே ஐயரின் இலக்கிய வாழ்வில் வளமானவை. திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1916-இல் வெளியிட்டார். கம்ப நிலையம் என்ற பெயரில் பதிப்பு முயற்சியையும் மேற்கொண்டார். மங்கையர்க்கரசியின் காதல் முதலிய கதைகள் என்னும் தொகுப்பில் அடங்கிய குளத்தங்கரை அரசமரம் தமிழின் முதல் சிறுகதை எனப் பலராலும் குறிப்பிடப்படுகிறது. வரதட்சிணைக் கொடுமையால் உயிர் துறக்கும் ஓர் இளம்பெண்ணின் துயரத்தை ஒரு மரம் எடுத்துரைப்பதாக அக்கதை அமைந்துள்ளது. அதற்கு முன்பே சிறுகதைகள் எழுதப்பட்டன என்பாரும் உளர். எவ்வாறாயினும், வடிவ உணர்வோடு எழுதப்பட்ட தொடக்ககாலக் கதை என்னும் இடம் அதற்கு உண்டு.

காந்திய வழி

போர் முடிந்தபின் அளிக்கப்பட்ட பொது மன்னிப்பினால் ஐயர் 1920-இல் பிரித்தானிய இந்தியாவுக்குத் திரும்பினார். அதற்குள் இவருடைய கருத்துகள் மாறியிருந்தன. ஆயுதத்தால் அதிகாரி ஒருவரை அகற்றலாம். அவரை அனுப்பிய ஆட்சியை அகற்ற மக்கள் அனைவரின் பங்கேற்பு வேண்டும் என்பதை ஒத்துழையாமை இயக்கம் காட்டிக்கொண்டிருந்தது. இலண்டனில் தாம் ஏற்க மறுத்த காந்தியின் வழியை இவர் இப்போது ஏற்றார்.

திரு. வி. கலியாணசுந்தரனாருக்குப் பின் தேசபக்தன் நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். அவ்விதழில் வெளியான கட்டுரை ஒன்றுக்காக 1921-இல் அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு ஒன்பது மாதம் பெல்லாரிச் சிறையில் இருந்தார். துப்பாக்கிப் பயிற்சி அளித்த காலத்தில் சிறை செல்லாதவர், எழுத்துக்காகச் சிறை சென்றார். கம்பராமாயணம் பற்றிய தமது ஆங்கில ஆய்வு நூலைச் சிறையில் எழுதினார். கம்பரை ஹோமர், மில்டன் முதலியோருடன் ஒப்பிட்டு ஆராயும் அந்நூல் இவரது மறைவுக்குப் பின் வெளிவந்தது.

சேரன்மாதேவி குருகுலம்

1922-இல் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலம் ஒன்றை ஐயர் நிறுவினார். கல்வியுடன் கைத்தொழிலும் உடற்பயிற்சியும் கற்பிக்கப்பட்டன. பாலபாரதி என்னும் இதழும் இவரால் நடத்தப்பட்டது. தமிழ்நாடு காங்கிரசு இக்குருகுலத்திற்கு ரூ. 5,000 வழங்கியது. இங்குப் பிராமண மாணவர் இருவர் மற்றவர்களுடன் சேர்ந்து உண்ணாமல் தனியே உண்ண அனுமதிக்கப்பட்டது 1924–25-இல் பெரும் சர்ச்சையாயிற்று. பொதுப் பணத்தில் இயங்கும் தேசியப் பள்ளியில் சாதி வேற்றுமை கூடாது என பெ. வரதராஜுலு நாயுடு, ஈ. வெ. ராமசாமி ஆகியோர் கடுமையாக எதிர்த்தனர். அம்மாணவர்களின் பெற்றோருக்கு அளித்த வாக்கை மீற இயலாது என்பது ஐயரின் நிலை. சமரச முயற்சிகள் பயன் தராத நிலையில் 1925 ஏப்ரலில் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். ஈ. வெ. ராமசாமி அவ்வாண்டின் இறுதியில் காங்கிரசை விட்டு விலகியதற்கான பின்னணிகளுள் இந்நிகழ்வும் ஒன்று.

மறைவு

1925 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐயர் குருகுல மாணவர்களுடன் பாபநாசம் மலைப் பகுதிக்குச் சென்றார். கல்யாண தீர்த்தம் அருகே நீரோட்டத்தைத் தாண்ட முயன்ற இவர் மகள் சுபத்திரை தவறி விழுந்தார். மகளைக் காப்பாற்ற நீரில் குதித்த ஐயரும் அருவியில் அகப்பட்டு உயிரிழந்தார். அப்போது இவருக்கு வயது 44.

மதிப்பீடு

ஐயரின் வாழ்வை இரு வேறு மனிதர்களின் வாழ்வாகப் பிரித்துக் காண்போர் உண்டு. ஆயினும் இரண்டு காலங்களுக்கும் பொதுவான ஒரு பண்பு தெரிகிறது. எதை மேற்கொண்டாலும் அதற்குரிய பயிற்சியை முழுமையாகப் பெற்ற பின்னரே அதில் இறங்குவது இவர் வழக்கம். துப்பாக்கியாயினும் திருக்குறளாயினும் அப்பண்பு மாறவில்லை.

ஆயுத முறையின் எல்லையையும் இவர் வாழ்வு காட்டுகிறது. ஆயுதச் சட்டம் குடிமக்களை நிராயுதபாணிகளாக்கியதால், துப்பாக்கி தேடியவர்கள் வெளிநாட்டையே நம்ப வேண்டியிருந்தது. கடல் கடந்து வந்த சில கைத்துப்பாக்கிகளால் தனிமனிதரைக் கொல்ல முடிந்ததேயன்றி ஒரு படையை உருவாக்க முடியவில்லை. அவ்வாறு செயல்பட்ட இளைஞர்களே தங்கள் உயிரையும் இழந்தனர். வாஞ்சிநாதனின் தியாகத்தைப் போற்றுவோரும், அரசியல் கொலையை ஏற்காதோரும் இன்றும் உள்ளனர். இரு வாதங்களுக்கும் ஐயரின் வாழ்விலிருந்தே சான்று காட்ட இயலும்.

நினைவுச் சின்னங்கள்

வரகனேரியில் ஐயர் வாழ்ந்த வீடு தமிழ்நாடு அரசால் நினைவில்லமாகப் பராமரிக்கப்படுகிறது. அங்கு நூலகமும் உள்ளது. வாஞ்சிநாதனுக்குச் செங்கோட்டையில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டுள்ளது. மணியாச்சி சந்திப்பு அவர் நினைவாக வாஞ்சி மணியாச்சி எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விடுதலைக்குப் பின்னரும் சில ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதற்கு மாற்றாக 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இன ஆட்சி காலத்தின் பாகுபாடு நீங்கிய போதிலும், துப்பாக்கி வைத்திருக்க உரிமம் பெறவேண்டும் என்ற விதி அதிலும் தொடர்கிறது.